பெரிய மாப்பிள்ளையின் பிஸ்டன்

அவரை எல்லோரும் 'நகம்' என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அவர் கடைக்கு நேர் எதிரில் நின்றுகொண்டே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரிப்பார்கள். வலது கைக் கட்டைவிரலில் மட்டும் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தார் மனுஷன். உடம்பெல்லாம் கரியும் எண்ணெயுமாக நின்றாலும் அந்த ஒரு நகம் மட்டும் குளித்து முழுகி வந்த மாதிரி பளிச்சென்று இருக்கும்.

அலங்காரத்துக்கு வளர்த்ததில்லை, தொழிலுக்கு வளர்த்தது. மரம் அறுக்கிற செயின் சா மிஷின்களைப் பழுது பார்ப்பவர் அவர். அந்த மிஷினின் சிலிண்டருக்குள் கோடு கோடாகக் கீறல் விழுந்தால் அது எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கண் ஏமாற்றிவிடும். நகத்தை மேலே வைத்து மெல்ல இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சிலிண்டர் பிழைத்தது. எங்காவது தட்டி நின்றால் பழைய இரும்புக் கடைதான். அவர் மனைவிக்கு இந்த விளக்கமெல்லாம் காதில் ஏறாது. "நாலு பேர் வர்ற இடத்துல அந்தக் கையை மட்டும் பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்குங்க" என்பாள். அவரும் வைத்துக்கொள்வார். சாப்பிடும்போது மட்டும் வேறு வழியில்லாமல் வெளியே எடுப்பார்.

கோபக்காரர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதிலும் ஒரு தினுசு கோபம். கத்த மாட்டார், எதையும் தூக்கி எறிய மாட்டார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவார், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள் ஆளாளுக்குப் புளுகும்போது அந்தக் கோபம் வரும். இந்த மிஷினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றக் கூடாது, ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஆயில் இல்லாவிட்டால் பிஸ்டன் காய்ந்துபோய் சிலிண்டரைப் பிறாண்டிவிடும். ஆனால் இதுவரை எந்த மகராசனும், "ஆயில் ஊத்த மறந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு அவர் கடைப் படி ஏறியதில்லை. "ஊத்தினேன் அண்ணே, சத்தியமா ஊத்தினேன்" என்பார்கள். இவர் ஒரு வார்த்தை பேசாமல் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, "நீயே பாரு" என்று மிஷினைத் திருப்பிக் காட்டுவார். உள்ளே பிஸ்டன் பூனை பிறாண்டின மாதிரி கிடக்கும். பார்த்தவன், "அன்னிக்குக் கொஞ்சம் அவசரம்..." என்று இழுப்பான்.

இப்படி ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றின ஆள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கடையிலேயே தான் கூண்டில் ஏற வேண்டியதாகிவிட்டது. அதுவும் யாரால்? சகலையால்.

சகலை என்றால் மனைவியின் அக்காள் புருஷன். மரம் வெட்டும் காண்ட்ராக்டர். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட. மாமனார் வீட்டு மாடியிலேயே குடியிருப்பதால் மாமனாருக்கு அவர்தான் வலது கை, இடது கை எல்லாம். 'பெரிய மாப்பிள்ளை' என்று சொல்லும்போது மாமனாரின் குரலில் வெல்லம் கரையும். 'சின்ன மாப்பிள்ளை' என்று வரும்போது தண்ணீர்தான். அன்றைக்கு அந்தப் பெரிய மாப்பிள்ளை செயின் சாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். பின்னாலேயே மாமனார்.

"சகலை, நீங்க போன வாரம் ட்யூன் பண்ணிக் குடுத்த மிஷின்தான் இது" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார் காண்ட்ராக்டர். "ரெண்டு மரம் ஒழுங்கா அறுத்துச்சு. மூணாவது மரத்துல பாதியில மூச்சை விட்டுடுச்சு. ஸ்டார்ட் பண்ற கயித்தை இழுத்தா அசைய மாட்டேங்குது. நாளைக்குக் காலையில ஒரு வீட்டுச் சுவர் மேல சாஞ்சு கிடக்கிற மரத்தை எடுத்தாகணும். எனக்கு இருக்கிற பெரிய மிஷின் இது ஒண்ணுதான். ஆளுங்க எல்லாம் என்னைக் கேக்குறாங்க, 'யார்கிட்ட குடுத்தீங்க'ன்னு. நான் இன்னும் வாயைத் திறக்கலை."

'இன்னும்' என்ற வார்த்தைதான் குத்தியது. இந்தப் பக்கத்தில் மரம் வெட்டுகிற அத்தனை பேரும் இவர் கடைக்குத்தான் வருகிறார்கள். நாளைக்குக் காண்ட்ராக்டர் வாயைத் திறந்தால் அடுத்த வாரம் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

மாமனார் கடையில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் ஓய்வு பெற்ற தையல்காரர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் உடம்பை அளந்து பழகியதால் மனிதர்களையும் அளந்தே பேசுவார். "நான் யார் பக்கமும் இல்லை மாப்பிள்ளே. நியாயம் எதுவோ அதைச் சொல்லிட்டுப் போறேன்" என்றார். சொல்லும்போதே கை பெரிய மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நகத்துக்கு வாடிக்கை போய்விடுமோ என்ற பயம் மட்டுமில்லை. போன வாரம் மாமனார் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. சாய்வு நாற்காலியில் பெரிய மாப்பிள்ளை. ஒரு கால் குட்டையான முக்காலியில் இவர். சாப்பாடு முடிந்து ஏப்பம் விட்டபடி காண்ட்ராக்டர், "சகலை, சும்மாதானே இருக்கீங்க, பின்பக்கம் மிஷின் கிடக்கு, கொஞ்சம் ட்யூன் பண்ணி விட்டுடுங்க" என்றார். மாமனாரும், "அவருக்கு வேற என்ன வேலை" என்று சிரித்தார். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டேதான் இவர் பின்பக்கம் போனார். கார்புரேட்டரில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைக் கொஞ்சம் உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், மிஷின் வீறிட்டுக்கொண்டு பிரமாதமாக ஓடும், கொஞ்ச நாளில் பிஸ்டன் வெந்து சாகும். அன்றைக்கு அந்தத் திருகை எவ்வளவு திருகினோம் என்று யோசித்துப் பார்த்தார். முக்காலி ஆடினது ஞாபகம் இருந்தது, மாமனார் சிரித்தது ஞாபகம் இருந்தது, திருகு மட்டும் சுத்தமாக ஞாபகம் இல்லை.

அட பாவி, கோபத்தில் வேண்டுமென்றே இறுக்கிவிட்டோமா? இதுதான் அவர் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

வேறு யாராவது திருகைத் தொட்டிருப்பார்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லை. ட்யூன் செய்து முடித்ததும் திருகின் தலையில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது அவர் வழக்கம். அப்புறம் எவனாவது திருகினால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது குனிந்து பார்த்தார். சிவப்புப் புள்ளி ஒரு விரிசல் இல்லாமல் அவரைப் பார்த்துச் சிரித்தது.

படபடப்பில் ஒரு தப்பு செய்தார். ஜாம் ஆன மிஷின் வந்தால் முதலில் எங்கேயாவது காற்று கசிகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். புதிதாக வருகிறவனிடமெல்லாம் இதைத் தொண்டை கிழியச் சொல்கிறவர் அவர்தான். அன்றைக்கு விறுவிறுவென்று கார்புரேட்டரைக் கழற்றி ஓரமாக வைத்து, சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரையும் உருவி எடுத்த பிறகுதான் அது உறைத்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாமனார் எதிரில் அதையும் செய்ய முடியவில்லை.

பிஸ்டன் சைலன்சர் பக்கம் முழுக்கப் பிறாண்டிக் கிடந்தது. காற்று வருகிற பக்கம் சுத்தம்.

"இந்தப் பக்கம் மட்டும் போயிருந்தா என்ன அர்த்தம் மாப்பிள்ளே?" என்றார் மாமனார்.

"ஒண்ணு, ஆயில் கலக்காம ஓட்டியிருக்கணும். இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"கார்புரேட்டர் திருகு இறுகி, பெட்ரோல் கம்மியாப் போயிருக்கணும்" என்றார் நகம், தனக்கே கேட்காத குரலில்.

"ஆயில் கலக்காமலா? நானா?" காண்ட்ராக்டர் எகிறினார். "சோதிச்சுப் பாருங்க!"

சோதித்தார்கள். நகத்தின் மனைவி கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டிலிருந்து வெள்ளைக் காகிதம் கொண்டுவந்தாள். டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோலில் இரண்டு சொட்டு அதில் விட்டார் நகம். பெட்ரோல் மட்டும் என்றால் காய்ந்ததும் காகிதம் பழையபடி ஆகிவிடும். ஆயில் கலந்திருந்தால் வடை வைத்த மாதிரி எண்ணெய் வட்டம் நிற்கும். நாலு பேரும் காகிதத்தைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். காய்ந்தது. வட்டம் அம்சமாக நின்றது. இத்தனை வருஷத்தில் உண்மை சொல்லி நகத்தைக் கவிழ்த்த ஒரே வாடிக்கையாளர் அவர் சகலைதான்.

"பார்த்தீங்களா!" என்று காண்ட்ராக்டர் மார்தட்டினார்.

"அப்ப அந்தத் திருகைத்தான் பார்க்கணும்" என்றார் மாமனார்.

"அதைக் கடைசியா பார்க்கலாம் மாமா. முதல்ல சிலிண்டர் தேறுமான்னு பார்ப்போம்" என்று நகம் சட்டென்று எழுந்து, மனைவியிடம் குளியலறை கழுவுகிற ஆசிட்டை எடுத்து வரச் சொன்னார். திருகைத் தள்ளிப்போட ஆசிட் என்ன, அமிர்தம் வேண்டுமானாலும் கேட்டிருப்பார்.

சிலிண்டர் சுவரில் தெரிந்த கோடுகள் பாதி நிஜமான கீறல் இல்லை. பிஸ்டனின் அலுமினியம் உருகிப்போய் அங்கே அப்பிக்கொண்டது. சுவரின் மேல் கெட்டியான பூச்சு இருக்கும். ஆசிட் அந்தப் பூச்சை ஒன்றும் செய்யாது, அப்பின அலுமினியத்தை மட்டும் தின்னும். ஆனால் ஓட்டைகளின் ஓரத்தில் வெறும் அலுமினியம், அங்கே பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும். அதனால் குச்சியில் பஞ்சைச் சுற்றி, குழந்தை காதுக்கு மருந்து விடுகிற மாதிரி தொட்டுத் தொட்டு வைத்தார். புஸ்ஸென்று நுரைத்தது. மாமனார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். துடைப்பது, மறுபடி வைப்பது, சோப்புத் தண்ணீரில் அலசுவது, மெல்லிய உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்ப்பது என்று வேலை நீண்டது. சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று அவரும் வேண்டிக்கொண்டே தேய்த்தார்.

கடைசியில் கட்டைவிரலை உள்ளே விட்டார். நகம் மேலிருந்து கீழே இறங்கியது, ஒரு சுற்றுச் சுற்றியது, எங்கேயும் நிற்கவில்லை.

"பிழைச்சுடுச்சு" என்றார். மனைவி முதல்முறையாக அந்த நகத்தை மரியாதையோடு பார்த்தாள்.

பிஸ்டனைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அலமாரியில் அதே அளவில் புதுசு ஒன்று ரிங்கோடு இருந்தது. அதை மாட்டும்போது, பிஸ்டன் கம்பியைப் பிடித்து வைக்கிற சின்ன வளையம் ஒன்று 'டிங்' என்று துள்ளிப் பறந்தது. காண்ட்ராக்டர் அவ்வளவு பெரிய உடம்போடு மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். மனைவி துடைப்பத்தைக் கொண்டுவந்தாள். மாமனார் காலைத் தூக்கிக்கொண்டு தீர்ப்பு சொல்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் சட்டை மடிப்பிலேயே அது கிடந்ததைத் துடைப்பத்தோடு வந்த மகள்தான் கண்டுபிடித்தாள்.

"இப்ப திருகைப் பார்க்கலாமா?" என்றார் மாமனார், வளையத்தை எடுத்துக் கொடுத்தபடி.

"கசிவு சோதனை ஒண்ணு பாக்கி இருக்கு மாமா. காரணம் தெரியாம புதுப் பிஸ்டன் போட்டா அதுவும் இதே மாதிரி போயிடும்" என்றார் நகம். சாக்குத்தான், ஆனால் நிஜமான சாக்கு. மிஷினைக் கூட்டி, காற்று போகிற வழிகளையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்து, பழைய ரத்த அழுத்தக் கருவியின் பம்பை இணைத்தார். டாக்டர் மாதிரி அழுத்தி அழுத்தி உள்ளே காற்றை ஏற்றினார். முள் ஏறியது. விட்டதும் மளமளவென்று இறங்கியது. இவர் கண் விரிந்தது.

சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயின் வாயோரம் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. எண்ணெயும் மரத்தூளும் அப்பிக் கிடந்ததால் கழற்றும்போது அதை அவர் சரியாகப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், பெட்ரோல் போதாமல் போகும், பிஸ்டன் வேகும்.

குழாயை உருவி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். ரப்பரின் வாயைச் சுற்றி ஒரு உதடு இருக்க வேண்டும், அதுதான் காற்றுப் போகாமல் அடைத்துக்கொண்டு உட்காரும். அந்த உதட்டைக் காணோம். யாரோ சுற்றிவர வெட்டி எடுத்திருந்தார்கள். ஏனோதானோ என்று வெட்டவில்லை, ஒரே சீராக, பல் பல்லாக, வளைந்து வளைந்து வெட்டியிருந்தார்கள்.

அந்தப் பல் வெட்டைக் கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மாமனார் வீட்டுத் திரைச்சீலை ஓரம் அப்படித்தான் இருக்கும். தலையணை உறை, அடுப்படித் துணி, ஏன், நகத்தின் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கரித்துணிகூட அதே பல் வெட்டுத்தான். நூல் பிரியாமல் இருக்கத் தையல்காரர்கள் வைத்திருக்கிற ஜிக்ஜாக் கத்தரியின் கைவேலை.

மூன்று பேரும் மெதுவாக நாற்காலிப் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பா" என்றாள் மகள்.

மாமனார் கூரையைப் பார்த்தார்.

"அப்பா, ரப்பரைப் போய் வெட்டுனீங்களா?"

"பிசிறு நீட்டிக்கிட்டு இருந்துச்சும்மா" என்றார் அவர். "மேஜை மேல மிஷினைப் பிரிச்சு வெச்சிருந்தாரு. ஓரம் வெளியே நீட்டிக்கிட்டுப் பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு. நாலு பேர் பார்க்குற மிஷினாச்சே, நீட்டா இருக்கட்டுமேன்னு..."

"துணி வெட்டுற கத்தரியிலயா?"

இப்போதுதான் மாமனாருக்கு ரோஷம் வந்தது. "துணிக் கத்தரியில ரப்பரை வெட்டுவேனா? என்னை என்ன நினைச்சே? அது பழைய கத்தரி!"

"பிரிச்சு வெச்சது யாரு?" என்று நகம் கேட்டார். காண்ட்ராக்டர் இருமினார். இரண்டாவது மரத்தை அறுத்து முடித்த பிறகு, தூசி தட்டலாம் என்று கார்புரேட்டரில் இரண்டே இரண்டு நட்டுத்தான் கழற்றினாராம், சாப்பிட்டுவிட்டு வந்து அப்படியே மாட்டிவிட்டாராம். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். "தப்பா எடுத்துக்காதீங்க சகலை. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். நாளைக்கு ஆளுங்ககிட்ட நானே சொல்றேன், உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனார், "நியாயம் தெரிஞ்சு போச்சு, அதானே வேணும்" என்று ஏதோ தானே துப்புத் துலக்கின மாதிரி எழுந்து, மகளிடம் டீ கேட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

பழைய மிஷின் ஒன்றிலிருந்து நல்ல ரப்பர் குழாயை எடுத்து மாட்டி, மறுபடி காற்றை ஏற்றினார் நகம். முள் அசையாமல் நின்றது. வழக்கு முடிந்துவிட்டது. அவரை விடுதலை செய்துவிட்டார்கள். ஆனால் அவர் இன்னும் தன்னை விடுதலை செய்யவில்லை. கசிவு கசிவுதான், சரி. அதோடு கூட திருகையும் இறுக்கியிருந்தால்? யாருக்கும் தெரியப்போவதில்லை, இவருக்குத் தெரியுமே.

கார்புரேட்டரைக் கையில் எடுத்தார். சின்னத் திருப்புளியை வைத்து நகப்பூச்சை உடைத்தார். திருகு அடியில் போய் உட்காரும்வரை உள்ளே திருகி எண்ண வேண்டும். இந்த மிஷினுக்கு ஒரு சுற்று சரியான கணக்கு. ஒரு சுற்று முடிவதற்குள் நின்றுவிட்டால் இவர் இறுக்கினவர். கால், அரை, முக்கால். கண்ணை மூடிக்கொண்டார். ஒன்று. திருகு நிற்கவில்லை, இன்னும் போனது. ஒன்றே காலில் போய் உட்கார்ந்தது.

அதாவது வேண்டிய அளவைவிடக் கூடுதலாகவே பெட்ரோல் விட்டு வைத்திருக்கிறார். சகலை மிஷினைப் போட்டு வாட்டுகிறவர், பிஸ்டன் சூடேறக் கூடாது என்று அந்தக் கொதிப்பிலும் கை தன்பாட்டுக்குத் தாராளமாகத் திறந்து வைத்திருக்கிறது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

டீ கொண்டுவந்த மனைவி பதறிப்போனாள். "என்னங்க, ஆசிட் பட்டுடுச்சா?"

இல்லை என்று தலையாட்டினார். முக்காலியிலிருந்து ஆரம்பித்து, கோபம், திருகு, பயம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவளிடம் கொட்டினார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இதுக்கா காலையிலேருந்து மூஞ்சி இப்படிச் செத்துக் கிடந்துச்சு? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. யார் மேலயாவது கோபம் வந்தாத்தான் உங்க வேலை இன்னும் சுத்தமா இருக்கும். கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"என்கூடச் சண்டை போட்ட அன்னிக்கெல்லாம் என்ன பண்றீங்க? வாயை மூடிக்கிட்டுப் போய் வீட்டுல எது கெட்டுக் கிடக்கோ அதை எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்துடுறீங்க. குழாய் ஒழுகினது நின்னது எப்படி? மிக்ஸி ஓட ஆரம்பிச்சது எப்படி? பீரோ கதவு மூடினது எப்படி? நல்லாப் பேசிக்கிட்டு இருக்கும்போது கேட்டா, நாளைக்கு, நாளைக்குன்னு மாசக்கணக்கா இழுப்பீங்க."

நகம் டம்ளரை எடுக்கப்போன கையை நிறுத்தினார். மெதுவாக ஒன்றொன்றாக யோசித்துப் பார்த்தார். குழாய்க்கு முந்தின நாள் சண்டை, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு. மிக்ஸிக்கு முந்தின நாளும் அப்படியே. அவர் முகம் மாறியது.

"அப்ப நேத்து சாயங்காலம் எங்க அக்காவைப் பத்தி ஏதோ சொல்லி வம்புக்கு இழுத்தியே, அது?"

"ஃபேன் ரொம்ப நாளா சத்தம் போட்டுச்சு" என்றாள் அவள்.